பழைய மரச் சாமான்களுக்கு வீட்டிலேயே சாக் பெயிண்ட்: குமரி மாவட்டத்து ஈரத்திலும் நிற்கும்படி

சாக் பெயிண்ட் பூசிய அலமாரியில் பளபளப்பு துளியும் இருக்காது. நிறம் அடங்கித் தெரியும், கையால் தடவினால் மெத்தென்று இருக்கும். விளிம்பை லேசாக உரசிவிட்டால் பல வருடம் புழங்கிய சாமானின் தோற்றம் வந்துவிடும். இந்தப் பெயரில் பெயிண்டை 1990-ல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் கொண்டுவந்தார். அந்த டப்பாவை இங்கே வரவழைத்தால் விலை கையைக் கடிக்கும். ஆனால் தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்டான எமல்ஷனில் நயமான பொடியைக் கூட்டினாலே ஏறக்குறைய அதே பூச்சு கிடைத்துவிடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்கும் சாமான்களே போதும்.

இந்தப் பெயிண்டைப் பற்றி எங்கும் சொல்லப்படும் ஒரு பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்: "உரசவும் வேண்டாம், பிரைமரும் வேண்டாம், அப்படியே பூசலாம்." நம் வீட்டுச் சாமான்களில் தேங்காய் எண்ணெய் ஏறியிருக்கும், அடுப்புப் புகை படிந்திருக்கும், மழைக்கால ஈரம் உள்ளே நிற்கும். பூச்சு உரிவதும் மஞ்சள் படர்வதும் பெரும்பாலும் பெயிண்டின் குற்றமல்ல, அதற்கு அடியில் இருப்பதன் வேலை. ஆகையால் கலவைக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், அடித்தளத்துக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

எதற்குப் பூசலாம்

ரப்பர் மரக் கட்டில், மாமரப் பலகை, பிளைவுட் அலமாரி, முன்பே எனாமல் அடித்து மங்கிப்போன மேசை, பாலிஷ் கருத்துத் திட்டுத்திட்டாகிவிட்ட நாற்காலி, இவையெல்லாம் தாராளமாகப் பூசலாம். ஈட்டிமரச் சாமான், பித்தளைப் பூண் போட்ட பழைய பெட்டி, நல்ல தேக்கில் கடைந்த சாய்வு நாற்காலி, கேடில்லாத பத்தாயம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவற்றுக்கு அரக்கு பாலிஷ்தான் சரி. மரத்தின் ரேகைக்குள் ஒருமுறை வெள்ளைப் பொடி இறங்கிவிட்டால் முழுதாக வெளியே எடுக்கவே முடியாது.

ரப்பர் மரத்தில் ஊசித்துளையும் அடியில் மாவாக உதிர்ந்த தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மருந்து செலுத்தி, தூள் விழுவது நின்ற பிறகே பெயிண்டைப் பற்றி யோசியுங்கள். துளையைப் பூச்சால் மூடுவதால் வண்டு சாவதில்லை.

எந்தப் பொடி

கடையில் சாக் பவுடர் அல்லது வைட்டிங் என்று கேளுங்கள். கண்ணாடி பதிக்கும் மக்கு பிசைவதற்கு வாங்குகிறார்களே, அதே பொடிதான், கால்சியம் கார்பனேட். வாங்கும்போது விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் வேண்டாம்.

இதன் பெயரைச் சொல்லியும் இதற்கு மாற்றாகவும் வேறு பல பொடிகள் கைக்கு வந்துவிடும். பிரெஞ்சு சாக் என்பது டால்க், அது வேறு பொருள். பள்ளிக்கூடச் சாக்பீஸ் நம் நாட்டில் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது. இடித்தாலும் நயமாக வராது. வெள்ளைச் சிமெண்டும் சிமெண்ட் கலந்த சுவர்ப் பட்டியும் டப்பாவுக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். நம் கடலோரத்துச் சிப்பிச் சுண்ணாம்பையும் சேர்க்கக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பு கடும் காரம். கையை அரிக்கும், தேக்கு, பலா போன்ற மரங்களில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மரத்தைக் கருக்கவும் செய்யும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வைத்தும் செய்யலாம். பூச்சு சற்றுக் கெட்டியாக வரும். ஆனால் தண்ணீர் பட்டதுமே இறுகத் தொடங்கும் பொருள் அது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே, அதுவும் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரத்தைத் திறந்த பாக்கெட் உறிஞ்சிக் கட்டி பிடித்துவிடுகிறது. அப்படிப் பாதி இறுகிய பொடி பெயிண்டில் மணலாகவே நிற்கும். முதல்முறை செய்கிறவர்கள் சாக் பவுடரையே எடுப்பது நல்லது.

அளவு

6 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள அலமாரியின் வெளிப்புறம் ஏறக்குறைய 40 சதுர அடி. இரண்டு கோட் அடிக்க இந்தக் கலவை சரியாக இருக்கும்:

உட்சுவர் அக்ரிலிக் எமல்ஷன்: 600 மில்லி
சலித்த சாக் பவுடர்: 200 மில்லி அளவு, எடையில் சுமார் 200 கிராம்
நல்ல தண்ணீர்: 100 முதல் 120 மில்லி

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் 600 மில்லி எமல்ஷனுக்குப் பொடி 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி. ஒரு கோட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு இதைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக் கலக்குங்கள்.

எமல்ஷனே பளபளப்பில்லாத மேட் வகையாக இருந்தால் சாக் பவுடரை 150 மில்லியில் நிறுத்தலாம். டிஸ்டெம்பர் வேண்டாம், அதில் பிடிப்புத் தரும் பிசின் குறைவு. எனாமல் எண்ணெய்ப் பெயிண்ட் ஆதலால் இந்தத் தண்ணீர்க் குழம்போடு சேராது.

அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டால், வேறு எந்தக் குறிப்பும் இல்லாமலே நீங்கள் கலவையைச் சரிசெய்துகொள்ளலாம். எமல்ஷனில் இருக்கும் அக்ரிலிக் பிசின்தான் நிறமிகளையும் பொடியையும் ஒட்டிப் பிடிக்கிறது. பொடி குறைவாக இருக்கையில் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளையெல்லாம் பிசின் நிரப்பிவிடும்; மேற்பரப்பு வழுவழுப்பாகி ஒளியைத் திருப்பியடிக்கும். பொடி ஒரு எல்லையைத் தாண்டினால் சந்துகளை நிரப்பப் பிசின் போதாது, நுண்துளைகள் விழும். பளபளப்பு போவதும், உப்புத்தாளுக்கு எளிதில் உரசிக்கொடுப்பதும், மெழுகைக் குடிப்பதும் அந்தத் துளைகளால்தான். கறையும் ஈரமும் உள்ளே போவதும் அதே வழியில்தான். இன்னும் பொடியைக் கூட்டினால் பிடிப்பே இல்லாமல், கையை வைத்தால் வெள்ளை ஒட்டும். 600 மில்லிக்கு 300 மில்லி பொடி என்பதெல்லாம் அந்த நிலைதான்.

நிறம் மாறுவதற்கும் இதே காரணம். கால்சியம் கார்பனேட் ஈரத்தில் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும், காய்ந்ததும் வெளுப்புக் காட்டும். டப்பாவில் கரும்பச்சையாக இருப்பது மரத்தில் காய்ந்ததும் சாம்பல் ஓடிய பச்சையாகும்; மேலே மெழுகு ஏற்றினால் மறுபடி ஆழமாகும். அதனால் நிறத்தை டப்பாவில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துண்டுப் பலகையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் பாதிக்கு மட்டும் மேல்பூச்சு போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டெய்னர் என்ற நிறச்சாயம் சேர்த்து நிறம் உருவாக்குகிறவர்கள் முழு அளவையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். இரண்டாவது தடவை கலப்பது முதல் நிறத்தோடு ஒத்துப்போகாது.

கலக்கும் முறை

பொடியை நயமான சல்லடையிலோ பழைய வாயில் துணியிலோ சலியுங்கள். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பொடியைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடித்துக் கலக்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் இந்த ஊறவைப்பு கிடையாது, குழைத்த கையோடு எமல்ஷனில் சேர்த்துவிட வேண்டும். எமல்ஷனுக்குள் குழம்பை ஊற்றிக் கிளறுங்கள். உலர்ந்த பொடியை நேராகப் பெயிண்டில் கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த மணிகளாக உருண்டுகொள்ளும். எவ்வளவு கிளறினாலும் கரையாது, பூசும்போது கோடு கோடாக இழுக்கும். கடைசியாக முழுவதையும் நைலான் துணியில் ஒருமுறை வடிகட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் பல கிணறுகளில் உப்புக் கலந்த நீர். உப்பு எமல்ஷனைத் திரியவைக்கக்கூடும்; காய்ந்த பூச்சில் வெள்ளையாகப் பூத்தும் நிற்கும். குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

மிஞ்சிய சாக் பவுடர்க் கலவையை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சில வாரம் தாங்கும். தண்ணீர் சேர்ந்ததால் அதிலுள்ள பாதுகாப்பு மருந்து நீர்த்துப் போயிருக்கும். புளித்த நாற்றம் வந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். பிளாஸ்டர் மிச்சத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் சிங்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் கல்லாகிவிடும்.

அடித்தளம்

முதலில் எண்ணெய். நாற்காலியின் தலைசாய்க்கும் பலகை, கட்டிலின் தலைப்பக்கம், கைப்பிடிகள், அலமாரிக் கதவில் கை படும் ஓரம், இந்த இடங்களில் தலை எண்ணெய் பல வருடமாக ஏறியிருக்கும். மினுக்கத்துக்காக மரத்துக்கே தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கமும் உண்டு. தேங்காய் எண்ணெய் ஒருபோதும் காய்ந்து இறுகாத வகை. அதன்மேல் அடித்த பூச்சு முதலில் நன்றாகவே தெரியும். சில வாரம் கழித்துத் தோலாக உரியும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி. காய்ந்ததும் டர்பன்டைன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். அடிக்கடி துணியை மாற்றாவிட்டால் எண்ணெயை இடம் மாற்றிவைப்பதோடு சரி. சலவைச் சோடாவைத் தேக்கு, பலா, அயினி மரங்களில் போடாதீர்கள், கருக்கும். சுத்தமாகிவிட்டதா என்பதற்கு ஒரு சோதனை: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னும் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது, படர்ந்தால் சரி.

அடுத்தது பழைய பூச்சு என்ன என்று அறிவது. மறைவான இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்கு பாலிஷ்; லேசாக உரசினால் போதும். கரையாவிட்டால் எனாமலோ வார்னிஷோ. 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுதும் மங்கும்வரை உரசி, 220-ல் முடியுங்கள். சன்மைக்காவுக்கும் இதேதான், அதை உரசாமல் எதைப் பூசினாலும் நகத்தால் உரித்துவிடலாம்.

பழைய எனாமலை உரசும்போது கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தாளை (ஈரம் தாங்கும் உப்புத்தாள்) நனைத்து உரசுங்கள், தூசி பறக்காது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஈரத்தூளைத் துணியில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், முற்றத்தில் கழுவி விடாதீர்கள்.

மூன்றாவது மரச்சாயம். குமரி மாவட்டத்தில் இதைத் தவறவிடவே கூடாது, ஏனென்றால் இங்கே பழைய சாமான்களில் பலாவும் அயினியும் தேக்கும் அவ்வளவு அதிகம். பலா மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் மொரின் என்ற மஞ்சள் சாயம் இருக்கிறது. புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றப் பலாக்கட்டையைப் பயன்படுத்தியதும் அதற்காகவே. அயினி பலாவின் இனத்தைச் சேர்ந்தது. நாம் பூசும் பெயிண்டிலுள்ள தண்ணீர் இந்தச் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவருகிறது. வெள்ளை, இளநீலம் போன்ற நிறங்களில் மறுநாள் காலை மஞ்சளாகவோ பழுப்பாகவோ படரும். இன்னும் ஒரு கோட், இன்னும் ஒரு கோட் என்று அடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கோட்டின் தண்ணீரும் மறுபடி சாயத்தை ஏற்றும். மூடவே மூடாது.

இதற்கு அரக்குதான் மருந்து. ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் அரக்குத் தகட்டைப் போட்டு, மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஓரிரவு ஊறவிட்டு அவ்வப்போது குலுக்குங்கள். கரைந்தபின் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் அரக்கிலுள்ள மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள். மெழுகு கலந்தால் பெயிண்டின் பிடிப்பு குறையும். பலாவுக்கும் அயினிக்கும் இரண்டு கோட், நடுவில் ஒரு மணி நேரம். மற்ற மரங்களில் கணுக்களுக்கு மட்டும் போதும். கடைசியில் 320-ஆம் நம்பரால் மெல்ல ஒரு தடவல். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், குடித்தால் விஷம். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

அரக்கு அடித்ததும் பால் போல வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்து ஈரம் அதில் படிகிறது. அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

ஆணித் தலை, கீல், பூட்டுத் தகடு ஆகியவற்றில் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு துளி வையுங்கள். தண்ணீர்ப் பெயிண்ட் இரும்பில் பட்டால் ஒரே நாளில் துருப்புள்ளி எழும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சாமானின்மேல் உப்பும் படிந்திருக்கும். பூசுவதற்கு முன் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

பூசுவது

நாள் பார்த்துத் தொடங்குங்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் கோட்டுக்குக் கோட் இடைவெளி இரண்டு மணி நேரமாக இருப்பது ஐந்தாறு மணி நேரமாகிவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றில் நேர்மாறான தொல்லை: பிரஷ் எடுக்கும் முன்பே காய்ந்து கோடு விழும், தூசியும் ஒட்டும். அங்கே சன்னலைச் சாத்திக்கொண்டு, கலவையில் ஒன்றிரண்டு தேக்கரண்டி தண்ணீர் கூட்டிப் பூசுங்கள். நேர் வெயிலில் எங்குமே பூச வேண்டாம்.

இரண்டு அங்குல நைலான் பிரஷ் போதும், பெரிய பலகைக்கு நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். மெல்லிய கோட்டாக மர ரேகையின் போக்கில் இழுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காயத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பப் போனால் பூச்சு சுருண்டு வரும். முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், இரண்டாவதில் மூடிவிடும். ஓரிரவு காய்ந்தபின் 320-ஆம் நம்பரால் தடவுங்கள். பழமைத் தோற்றம் வேண்டுமானால் கை இயல்பாகப் படும் விளிம்புகளில் மட்டும் 220-ஆல் உரசுங்கள். நடுப்பலகையில் உரசினால் கெட்டுப்போன சாமானாகவே தெரியும்.

மேல்பூச்சு: மெழுகா, கிளியரா

துளை உள்ள பூச்சு என்பதால் மேலே எதையாவது போடாமல் விடவே முடியாது. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் மெழுகைத்தான் சொல்லும். நம் தட்பவெப்பத்துக்கு அதை எல்லா இடத்திலும் ஏற்க முடியாது. மெழுகு வெக்கையில் இளகித் தூசியைப் பிடிக்கும், மழைக்காலத்தில் சுவரோரம் நிற்கும் அலமாரியில் அதன்மேல் பூசணம் பூக்கும். படச்சட்டம், அலங்காரப் பெட்டி, காற்றோட்டமான அறையில் நிற்கும் சிறு மேசை ஆகியவற்றுக்கு மெழுகு அழகு. புழங்கும் சாமானுக்குத் தண்ணீரில் கரையும் பி.யு. கிளியர் (நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு), மேட் வகை, மெல்லியதாக இரண்டு கோட்.

சாப்பாட்டு மேசைக்கு இதில் விவாதமே கிடையாது, மூன்று கோட் பி.யு. தான். மீன் புளிமுளம் (புளி சேர்த்த மீன் குழம்பு) ஒரு துளி சிந்தினால் மஞ்சள் கறை மட்டுமல்ல, புளியின் அமிலம் கால்சியம் கார்பனேட்டையே கரைக்கும். எலுமிச்சையும் மோரும் அப்படியே. துடைத்தாலும் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும்.

மெழுகைச் செய்துகொள்ளலாம். தேனீ வளர்க்கும் மார்த்தாண்டம் பக்கத்தில் தேன்மெழுகு கிடைப்பது கடினமல்ல. 100 கிராம் மெழுகைத் துருவி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள். 62 முதல் 64 டிகிரியில் உருகும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோனபின் 300 கிராம் டர்பன்டைனை ஊற்றிக் கிளறுங்கள். அடுப்புப் பக்கத்தில் டர்பன்டைன் பாட்டிலே இருக்கக் கூடாது. நம் ஊர் உச்சி வெயில் சூட்டிலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். இதோடு தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை ஒதுக்குங்கள். காயாது, பிசுக்கு நிற்கும், சிக்குவாடை அடிக்கும்.

துணியில் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. மெழுகிட்ட பரப்பின்மேல் பிறகு கிளியர் அடித்தால் ஒட்டாது. கிளியரின்மேல் மெழுகு போடலாம். இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கோளாறு வந்தால்

முழுச் சாமானுக்கும் மேல்பூச்சு போடும் முன், ஒரு மறைவான மூலையில் பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஒன்றிரண்டு பொட்டு வந்தால் பரவாயில்லை. கட்டங்கள் முழுசாக வந்தால் அடியில் எண்ணெயோ உரசாத பளபளப்போ இருக்கிறது. சுரண்டிவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்வதே வழி, மேலே எதை அடித்தாலும் அது நிற்காது.

வெடிப்பு விழுந்தால் கோட் தடிமனாகிவிட்டது, அல்லது வெயிலில் காய்ந்தது, அல்லது அடிக்கோட் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது போட்டது. உரசிச் சமன்செய்து மெல்லிய கோட்டாக அடியுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் பொடி கூடுதல். மிச்சக் கலவையில் எமல்ஷன் சேர்த்து இன்னொரு கோட் போட்டால் சரியாகும். மஞ்சள் படர்ந்தால் பெயிண்டின் மேலேயே அரக்கு ஒரு கோட் அடித்துவிட்டு மறுபடி பூசலாம், எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. மெழுகு பிசுபிசுத்தால் அளவு கூடிவிட்டது, டர்பன்டைன் துணியால் துடைத்தெடுங்கள்.

பூச்சு தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதுவரை அலமாரிக் கதவை இறுக்கிச் சாத்தாதீர்கள், இரண்டு விளிம்பும் ஒட்டிக்கொண்டு திறக்கும்போது பூச்சைப் பிய்த்தெடுக்கும். கதவிடுக்கில் மெழுகுதாள் ஒரு துண்டு வைக்கலாம். மேலே கனமான சாமான் எதையும் ஏற்றாமல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள்.